ஒவ்வொரு பின்னுக்கும் எத்தனை ஆம்பியர்? கிராபிக்ஸ் கார்டுக்கு மின்சாரம் போகும் வழி

கணினிப் பொருள் கடைகள் நிறைந்த பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் கிராபிக்ஸ் கார்டு வாங்கப் போகிறவர்கள் கடைக்காரரிடம் பெரும்பாலும் கேட்பது ஒரே கேள்விதான்: "இதுக்கு எத்தனை வாட் எஸ்.எம்.பி.எஸ். வேணும்?" கேட்க வேண்டிய கேள்விதான், ஆனால் அதற்குக் கிடைக்கும் பதில் பாதிப் பதிலாகவே இருக்கிறது. பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் வாட் எண் பவர் சப்ளையின் (கடைப் பேச்சில் எஸ்.எம்.பி.எஸ்.) மொத்தத் திறனைச் சொல்கிறதே தவிர, அந்தத் திறனில் எவ்வளவு 12 வோல்ட்டில் கிடைக்கும், அது எத்தனை கம்பிகளில் பிரிந்து கார்டுக்குப் போகும், ஒவ்வொரு கம்பியின் முனையிலும் இருக்கும் பின் எத்தனை ஆம்பியர் தாங்கும் என்பதைச் சொல்வதில்லை. கனெக்டர் உருகுவதும், விளையாட்டின் நடுவே கணினி அணைந்துபோவதும் பெரும்பாலும் இந்தச் சொல்லப்படாத பகுதியிலிருந்தே வருகின்றன.

அல்சூரில் எங்கள் தெருவில் இருக்கும் பொறியியல் மாணவர் ஒருவர் சென்ற ஆண்டு பழைய ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் கார்டு ஒன்றை வாங்கித் தம் கணினியில் பொருத்தினார். கேபினெட்டோடு சேர்ந்து வந்த எஸ்.எம்.பி.எஸ்.ஸில் கார்டுக்கு வேண்டிய 8 பின் கேபிள் இல்லை. ஒரு கடையில், ஹார்டு டிஸ்க்குக்கு மின்சாரம் தரும் சாட்டா கனெக்டரை 8 பின்னாக மாற்றும் சிறிய அடாப்டர் ஒன்றைக் கொடுத்தார்கள். நான்கு மாதம் ஓடியது. ஒரு நாள் மாலை பிளாஸ்டிக் கருகும் நாற்றம் வந்ததும் சுவிட்சை அணைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். கேபினெட்டைத் திறந்தபோது சாட்டா முனையின் ஒரு பக்கம் பழுப்பேறி, பின்கள் பிளாஸ்டிக்கோடு ஒட்டிப்போயிருந்தன. "அண்ணா, 450 வாட்னு சொல்லித்தான் குடுத்தாங்க, கார்டு 125 வாட்தானே?" என்று அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. அவருக்குக் கிடைத்திருந்த எண்களை வைத்துப் பார்த்தால் எல்லாம் சரியாகவே இருந்தது. கிடைக்காத எண்களில்தான் கோளாறு இருந்தது. அந்த எண்களை ஒவ்வொன்றாக எடுத்து வைப்பதே இக்கட்டுரையின் வேலை.

முதலில் 12 வோல்ட். வீட்டுச் சுவரில் வரும் 230 வோல்ட் மாறுதிசை மின்சாரத்தைப் பவர் சப்ளை 12, 5, 3.3 என்ற முக்கியமான மூன்று நேர்திசை மின்னழுத்தங்களாக மாற்றித் தருகிறது. இன்றைய கணினியில் பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் ஏறத்தாழ முழுக்க 12 வோல்ட்டிலேயே வாழ்கின்றன. பழைய கணினிகளில் பிராசசர் 5 வோல்ட்டிலிருந்து மின்சாரம் எடுத்தது. பிராசசரின் பசி கூடக் கூட 5 வோல்ட்டில் ஓட வேண்டிய ஆம்பியர் கட்டுக்கடங்காமல் போகவே, 2000ஆம் ஆண்டில் பென்டியம் 4 காலத்தோடு சுமை 12 வோல்ட்டுக்கு நகர்ந்தது. வாட்டை வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர் என்ற பள்ளிக் கணக்குதான் இதற்குக் காரணம். ஒரே வாட்டை உயர்ந்த வோல்ட்டில் அனுப்பினால் கம்பியில் ஓடும் ஆம்பியர் குறைகிறது, கம்பி சூடாவதும் குறைகிறது. கிராபிக்ஸ் சிப்போ ஏறத்தாழ 1 வோல்ட்டில்தான் இயங்குகிறது. 200 வாட் எடுக்கும் சிப் ஒன்று 1 வோல்ட்டில் 200 ஆம்பியர் கேட்கும். அத்தனை ஆம்பியரைக் கேபிளில் கொண்டுவர முடியாது என்பதால்தான் 12 வோல்ட்டில் கொண்டுவந்து, கார்டின் மேலேயே சிப்பை ஒட்டி அமைந்திருக்கும் மின்சுற்றுகள் அதை 1 வோல்ட்டாகக் குறைத்துத் தருகின்றன.

ஆகவே ஒரு பவர் சப்ளையை எடுத்துப் பார்க்கும்போது வாட் எண்ணை விட்டுவிட்டு, பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் லேபிளில் 12 வோல்ட் என்ற கட்டத்துக்குக் கீழே எத்தனை ஆம்பியர் எழுதியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். மாணவரின் கணினியில் இருந்ததில் 16 ஆம்பியர் என்று இருந்தது. 12ஐ 16ஆல் பெருக்கினால் 192 வாட். எஞ்சிய 258 வாட் 5 வோல்ட்டிலும் 3.3 வோல்ட்டிலும் கணக்குக் காட்டப்பட்டிருந்தது. கிராபிக்ஸ் கார்டுக்கு அதனால் பயன் ஏதும் இல்லை. கார்டுக்கு 125 வாட், பிராசசருக்கு 65 வாட், இரண்டும் சேர்ந்தாலே 190. மின்விசிறிகளுக்கும் ஹார்டு டிஸ்க்கின் மோட்டாருக்கும் மிச்சம் 2 வாட். 450 வாட் என்று நம்பி வாங்கிய கருவி நான்கு மாதமும் தன் எல்லைக் கோட்டின் மீதே நின்றுகொண்டிருந்திருக்கிறது.

லேபிளில் பலரும் தேடும் இன்னொன்று 80 பிளஸ் முத்திரை. சுவரிலிருந்து எடுக்கும் மின்சாரத்தில் எத்தனை சதவீதத்தைக் கணினிக்குக் கொடுக்கிறது, எவ்வளவை வெப்பமாக இழக்கிறது என்பதையே அது அளக்கிறது. பாதிச் சுமையில் 85 சதவீதத் திறனுள்ள ஒன்று கணினிக்கு 300 வாட் கொடுக்கும்போது சுவரிலிருந்து ஏறத்தாழ 353 வாட் எடுக்கும். மிகைமின்னோட்டப் பாதுகாப்பு இருக்கிறதா, கேபிள் எவ்வளவு தடிமன் என்பதைப் பற்றியெல்லாம் அந்த முத்திரை எதுவும் சொல்வதில்லை.

கார்டுக்கு மின்சாரம் வரும் முதல் வழி, அது செருகியிருக்கும் மதர்போர்டு ஸ்லாட். நீளமான பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட் ஒன்று தர வேண்டிய எல்லை 75 வாட். அதில் 12 வோல்ட்டில் 5.5 ஆம்பியர், அதாவது 66 வாட், எஞ்சிய 9.9 வாட் 3.3 வோல்ட்டில். ஜிடிஎக்ஸ் 1650இன் பல வகைகள் தனிக் கேபிள் இல்லாமலே ஓடுவது அதன் தேவை இந்த 75 வாட்டுக்குள் அடங்கிவிடுவதால்தான். இந்த எல்லையை மீறினால் பாதிப்பு மதர்போர்டுக்கு. 2016இல் ஏஎம்டி வெளியிட்ட ரேடியான் ஆர்எக்ஸ் 480 கார்டு ஸ்லாட்டிலிருந்து அனுமதித்த அளவைக் காட்டிலும் கூடுதலாக எடுப்பதைச் சோதனையாளர்கள் அளந்து காட்டினர்; சில நாட்களிலேயே நிறுவனம் கார்டை இயக்கும் டிரைவர் மென்பொருளைத் திருத்தி, ஸ்லாட்டின் சுமையைக் குறைத்தது. கார்டு எந்த வழியில் எவ்வளவு எடுக்க வேண்டும் என்பதை அதன் வடிவமைப்பே தீர்மானிக்கிறது. கேபிளைச் செருகுபவர் கையில் அது இல்லை. அவர் கையில் இருப்பது, கேபிள் வழியே வரவேண்டிய பங்கு தடையின்றி வரச் செய்வது மட்டுமே.

அந்தக் கேபிள்களில் பழகிய இரண்டு, 6 பின்னும் 8 பின்னும். 6 பின்னுக்கு விதித்த எல்லை 75 வாட், 8 பின்னுக்கு 150 வாட். பார்ப்பவர்களுக்கு ஒரு சந்தேகம் வரும்: இரண்டு பின் கூடியதற்கா மின்சாரம் இருமடங்காகிறது? 8 பின்னில் கூடிய இரண்டும் 12 வோல்ட் கம்பிகள் அல்ல. 12 வோல்ட் பின்கள் அதிலும் மூன்றுதான். கூடுதலாக இருப்பவை ஒரு தரைப் பின்னும் (மின்சாரம் திரும்பிப் போகும் வழி), தரையோடு இணைந்து அடையாளம் சொல்லும் இரண்டாவது பின் ஒன்றும். எட்டும் சரியாகச் செருகியிருந்தால் இரண்டு அடையாளப் பின்களும் தரையோடு தொட்டு, "என்னிடம் 150 வாட் எடுக்கலாம்" என்று கார்டுக்குத் தெரிவிக்கின்றன. 8 பின் குழியில் 6 பின் முனையைச் செருகினால் ஓர் அடையாளம் தொடாமல் நிற்கும். கார்டு அதை உணர்ந்து இயங்க மறுக்கலாம். மூன்று கம்பிகளில் 150 வாட் என்றால் மொத்தம் 12.5 ஆம்பியர், கம்பி ஒன்றுக்கு ஏறத்தாழ 4.2 ஆம்பியர். இந்த வகைப் பின்கள் வழக்கமாக 8 ஆம்பியர் அளவுக்குத் தாங்கக்கூடியவை. ஆகவே தேவையைப் போல ஏறத்தாழ இருமடங்கு தாங்கும் வலிமை 8 பின்னில் மறைந்து கிடக்கிறது. பல ஆண்டுகளாக யார் எப்படிச் செருகினாலும் 8 பின் அநேகமாகத் தொல்லை தராமல் இருந்ததற்கு இந்தத் தாராளமே காரணம் என்பது என் கருத்து.

8 பின் என்ற பெயரில் இன்னொன்றும் பவர் சப்ளையிலிருந்து தொங்கும். அது பிராசசருக்கானது, பெரும்பாலும் நான்கு நான்காகப் பிரியும். கார்டுக்கானது ஆறும் இரண்டுமாகப் பிரியும். பிராசசர் கேபிளில் நான்கு பின்கள் 12 வோல்ட், நான்கு தரை. கார்டு கேபிளில் 12 வோல்ட்டும் தரையும் அதற்கு எதிர்ப்பக்கத்தில் இருக்கின்றன. ஒன்றின் இடத்தில் மற்றொன்றை அழுத்திச் செருகினால் 12 வோல்ட் நேரே தரையோடு இணைந்துவிடும். அதைத் தடுக்கவே பின்களின் பிளாஸ்டிக் உறைகளில் சில சதுரமாகவும் சில மூலை வெட்டியும் அமைந்திருக்கின்றன. கை அழுத்தத்துக்கு இணங்காத கனெக்டரை நிறுத்திப் பார்க்க வேண்டும். அது பொருந்தாததற்குக் காரணம் இருக்கிறது.

இனி அடாப்டருக்கு வருவோம். ஹார்டு டிஸ்க்குக்கும் எஸ்எஸ்டிக்கும் மின்சாரம் தரும் சாட்டா முனையில் 12 வோல்ட்டுக்கென மூன்று மெல்லிய பின்கள் உண்டு, ஒன்றுக்கு 1.5 ஆம்பியர். மூன்றும் சேர்ந்து 4.5 ஆம்பியர், அதாவது 54 வாட். மாணவரின் 1660 சூப்பர் தன் 125 வாட்டில் 40 வாட்டை ஸ்லாட்டிலிருந்து எடுத்துக்கொண்டது என்று வைத்துக்கொண்டாலும், மீதி 85 வாட், அதாவது 7 ஆம்பியருக்குச் சற்று மேல், அந்த ஒரே சாட்டா முனை வழியே ஓடியிருக்கிறது. தாங்க வேண்டியதைப் போல ஒன்றரை மடங்குக்கும் மேல். அடாப்டரின் மறுமுனை 8 பின் வடிவத்தில் இருந்ததால், அடையாளப் பின்கள் தரையோடு இணைந்து, 150 வாட் இருக்கிறது என்று கார்டுக்குச் சொல்லிவிட்டன. கார்டு நம்பியது. பொய்யான அடையாளம் தரும் அந்தச் சிறு கம்பியைத்தான் நான் மிக ஆபத்தான பொருளாகக் கருதுகிறேன். குறைந்த வாட் பவர் சப்ளையைக் காட்டிலும் ஆபத்தானது அது, ஏனென்றால் பவர் சப்ளையின் பாதுகாப்பு மின்சுற்றுக்கு 7 ஆம்பியர் என்பது கண்ணில் படாத சுமை. சாட்டா பின் கருகும்போதும் பவர் சப்ளையின் பார்வையில் எல்லாம் இயல்பாகவே நடந்துகொண்டிருக்கும். பழைய நான்கு பின் மோலெக்ஸ் முனையிலிருந்து மாற்றும் அடாப்டர்கள் இதைக் காட்டிலும் உறுதியானவை, அதன் பின் பெரியது. ஆனாலும் கார்டுக்கென்று தனிக் கேபிளே இல்லாத ஒரு பவர் சப்ளை, கார்டைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டதன்று என்ற அடிப்படைச் செய்தி மாறுவதில்லை.

நல்ல பவர் சப்ளையிலும் கவனிக்க வேண்டியவை உண்டு. பல கேபிள்களில் ஒரே கம்பித் தொகுதியின் முனையில் ஒரு 8 பின்னும், அதிலிருந்து கிளைத்து இன்னொரு 8 பின்னும் இருக்கும். இரண்டு குழி உள்ள கார்டில் இந்த ஒற்றைக் கேபிளின் இரு தலைகளையும் செருகினால், இரண்டு கேபிள்களில் பிரிய வேண்டிய ஆம்பியர் முழுவதும் பவர் சப்ளை பக்கத்தில் இருக்கும் ஒரே முனை வழியே ஓடும். 300 வாட் என்றால் மூன்று கம்பியில் 25 ஆம்பியர், கம்பி ஒன்றுக்கு 8 ஆம்பியருக்கு மேல். மேலே சொன்ன தாராளம் அப்படியே தீர்ந்துபோகிறது. 200 வாட்டுக்குள் இருக்கும் கார்டுக்குக் கிளைக் கேபிள் போதும், அதற்கு மேல் போனால் குழிக்கு ஒரு தனிக் கேபிள் என்பது நான் கடைப்பிடிக்கும் வழக்கம். கேபிளின் உறையில் 18 அல்லது 16 என்று கம்பியின் அளவு அச்சிட்டிருக்கும். எண் குறையக் குறையக் கம்பி தடிமனாகும்.

கழற்றி மாட்டும் மாடுலர் கேபிள்களில் ஒரு பெரும் அபாயம் மறைந்திருக்கிறது. கார்டு பக்கத்து முனைக்குத்தான் பொதுத் தரம் உண்டு; பவர் சப்ளை பக்கத்து முனையில் எந்தப் பின்னில் எந்த வோல்ட் வர வேண்டும் என்பதற்குப் பொதுத் தரம் கிடையாது. ஒரே நிறுவனத்தின் இரண்டு மாடல்களிலேயே அது மாறுபடலாம். முனை அழகாகப் பொருந்தும், கிளிப் விழும், 12 வோல்ட் வர வேண்டாத இடத்தில் 12 வோல்ட் வந்து கார்டும் ஹார்டு டிஸ்க்கும் ஒரு நொடியில் போய்விடும். பவர் சப்ளையை மாற்றும்போது பழைய கேபிள்களை அப்படியே விட்டுவிட்டுப் பெட்டியை மட்டும் மாற்றும் பழக்கம் நம் ஊரில் பரவலாக இருப்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்: புதிய பவர் சப்ளையோடு அதன் பெட்டியில் வந்த கேபிள்களையே மாட்ட வேண்டும்.

2022இல் கணக்கு மாறியது. பிசிஐ எக்ஸ்பிரஸ் 5.0 தலைமுறையோடு வந்த 16 பின் கனெக்டர், ஒரே முனையில் 600 வாட் வரை கொண்டுசெல்ல வடிவமைக்கப்பட்டது. பன்னிரண்டு பின்கள் மின்சாரத்துக்கு, அவற்றில் ஆறு 12 வோல்ட், ஆறு தரை; மேலே நான்கு சிறிய அடையாளப் பின்கள். 600 வாட்டை 12ஆல் வகுத்தால் 50 ஆம்பியர், ஆறு பின்களில் ஒன்றுக்கு 8.3 ஆம்பியர். பின்னின் தாங்கும் எல்லை 9.2 ஆம்பியர். 8 பின்னில் ஏறத்தாழ இருமடங்காக இருந்த உபரி வலிமை இங்கே பத்து சதவீதத்தை ஒட்டிச் சுருங்கிவிட்டது. பின்களுக்கிடையிலான தூரமும் 4.2 மில்லிமீட்டரிலிருந்து 3 மில்லிமீட்டராகக் குறைந்தது. 2022 அக்டோபரில் 450 வாட் ஆர்டிஎக்ஸ் 4090 விற்பனைக்கு வந்த சில வாரங்களுக்குள்ளேயே உருகிய கனெக்டர்களின் படங்கள் வரத் தொடங்கின. முனை முழுதாகச் செருகப்படாததையே முக்கியக் காரணமாக அதன் தயாரிப்பாளரான என்விடியா அந்த நவம்பரில் சொன்னது.

முழுதாகச் செருகாதது ஏன் தீயாக மாறுகிறது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஒரு பின்னும் அதன் குழியும் தொடும் இடத்தில் சிறிய மின்தடை இருக்கும். 5 மில்லி ஓம் என்று வைத்துக்கொள்வோம். அங்கே உண்டாகும் வெப்பம் ஆம்பியரின் வர்க்கத்தை மின்தடையால் பெருக்கியது. 8.3 ஆம்பியரில் அது 0.35 வாட், பிளாஸ்டிக் அதைத் தாங்கும். ஆறு பின்களில் இரண்டு சரியாகத் தொடவில்லை என்றால் 50 ஆம்பியரும் எஞ்சிய நான்கில் ஓடும், ஒன்றுக்கு 12.5 ஆம்பியர். ஒரு பின்னுக்கு 20 ஆம்பியர் வந்துவிட்டால் அந்தச் சிறு புள்ளியில் 2 வாட் வெப்பம். ஆம்பியர் இரண்டரை மடங்குக்குச் சற்றுக் குறைவாகவே கூடியது, வெப்பமோ ஆறு மடங்கை நெருங்கிவிட்டது. சூடு ஏறினால் பின்னைப் பிடித்திருக்கும் உலோகத்தின் இறுக்கம் தளரும், மின்தடை கூடும், சூடு இன்னும் ஏறும். இதில் கார்டின் வடிவமைப்புக்கும் பங்கு உண்டு. 4090 போன்ற கார்டுகளில் ஆறு கம்பிகளும் உள்ளே நுழைந்த உடனே ஒன்றாகக் கலந்துவிடுவதால், எந்தக் கம்பியில் எவ்வளவு ஓடுகிறது என்று கார்டுக்குத் தெரியாது. மொத்தம் சரியாக இருந்தால் எல்லாம் சரி என்றே அது எடுத்துக்கொள்ளும். 575 வாட் எடுக்கும் ஆர்டிஎக்ஸ் 5090 வந்த 2025இன் தொடக்கத்தில், ஜெர்மானியச் சோதனையாளர் ஒருவர் தம் கார்டின் ஒற்றைக் கம்பியில் 20 ஆம்பியருக்கு மேல் ஓடுவதை அளந்து காட்டினார். பயனரை மட்டும் குற்றம் சொல்லி இதை முடித்துவிட முடியாது என்று நான் நினைப்பது இதனால்தான். பத்து சதவீத உபரியில் நிற்கும் ஒரு கனெக்டர், மனிதக் கையின் சிறு பிழையைப் பொறுத்துக்கொள்ளும் இடத்தை விட்டுவைக்கவில்லை.

இந்தக் கனெக்டருக்கு 2023இல் வந்த திருத்தத்தில் மின்சாரப் பின்கள் கால் மில்லிமீட்டர் நீண்டன, அடையாளப் பின்கள் ஒன்றரை மில்லிமீட்டர் குறுகின. முனை பாதி வெளியே நின்றால் அடையாளப் பின்கள் தொடவே தொடாது, கார்டு மின்சாரம் எடுக்காது. பாதிச் செருகலுக்கு இது நல்ல தீர்வு. கம்பிகளுக்கிடையே சமமில்லாமல் பிரிவதற்கு இதில் மருந்து இல்லை. இந்தக் கனெக்டரை நேராகப் பிடித்து, இடைவெளி கண்ணுக்குத் தெரியாத வரை அழுத்த வேண்டும். முனையிலிருந்து 35 மில்லிமீட்டர் தூரத்துக்குக் கேபிளை வளைக்கக் கூடாது. இதன் முனைகளுக்குச் சொல்லப்பட்டிருக்கும் ஆயுள் 30 முறை செருகிக் கழற்றுவது என்பதால், அடிக்கடி கழற்றிப் பார்ப்பதும் நல்லதன்று.

கார்டின் வாட் எண் சராசரி என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். ஒரு நொடியின் மிகச் சிறிய பகுதியில் கார்டு தன் எண்ணைப் போல இருமடங்கும் அதற்கு மேலும் கேட்டுவிட்டு இறங்கும். பழைய வகைப் பவர் சப்ளை சில இந்தத் திடீர் ஏற்றத்தைக் குறுக்குச்சுற்று என்று எண்ணி அணைந்துவிடும். 2022இல் வந்த ஏடிஎக்ஸ் 3.0 தரம், 16 பின் முனையுள்ள பெரிய பவர் சப்ளைகள் தம் திறனைப் போல இருமடங்கை 100 மைக்ரோ நொடி வரை தாங்க வேண்டும் என்று விதித்தது. பெரிய கார்டு வாங்குபவர்கள் வாட்டைக் கூட்டிக்கொண்டே போவதற்குப் பதிலாக இந்தத் தரத்தின் பெயர் லேபிளில் இருக்கிறதா என்று பார்க்கலாம்.

பவர் சப்ளைக்குப் பின்னால் இருக்கும் சுவரும் இந்த இணைப்பின் பகுதிதான். எங்கள் பகுதியின் பழைய வாடகை வீடுகள் பலவற்றில் மூன்று பின் சாக்கெட் இருக்கும், மூன்றாவது துளைக்குப் பின்னால் எர்த் கம்பி இருக்காது. பவர் சப்ளையின் உள்ளே மின்னிரைச்சலை வடிகட்டும் சிறு கெப்பாசிட்டர்கள் பெட்டியின் உலோகத்தோடு இணைந்திருக்கும்; எர்த் இல்லாவிட்டால் அவற்றின் வழியே உலோகப் பெட்டிக்கு ஏறத்தாழ 115 வோல்ட் வந்து நிற்கும். கேபினெட்டைத் தொட்டால் விரல் சுரீரென்று கூசுவது அதனால்தான். கார்டையும் மானிட்டரையும் இணைக்கும் கேபிளைச் செருகும் நேரத்தில் அந்த வோல்ட் போகும் வழி கார்டில் அந்தக் கேபிள் செருகும் குழியாக இருந்துவிடக் கூடும். யுபிஎஸ் விஷயமும் இதை ஒட்டியதே. வீடுகளில் காணப்படும் 600 விஏ யுபிஎஸ் பெரும்பாலும் 360 வாட்தான் தரும். பெரிய கார்டு முழு வேகத்தில் ஓடும்போது மின்சாரம் போனால் அது தாங்காமல் கணினியோடு அணையும்.

மாணவரின் கணினிக்கு 550 வாட் பவர் சப்ளை ஒன்றை வாங்கினோம். லேபிளில் 12 வோல்ட்டுக்கு 45 ஆம்பியர் என்றிருந்தது, அதாவது 540 வாட். சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, பவர் பொத்தானை ஒரு முறை அழுத்தி மிச்சமிருந்த மின்னேற்றத்தை இறக்கிய பிறகு பழைய கேபிள்கள் எல்லாவற்றையும் கழற்றினோம். கார்டை முதலில் ஸ்லாட்டில் அமர்த்தித் திருகி, பிறகே ஆறும் இரண்டும் சேர்த்துப் பிடித்த 8 பின்னை, கிளிப் 'க்ளிக்' என்று விழும் வரை அழுத்தினோம். அரை மணி நேரம் முழுச் சுமையில் ஓடவிட்டுக் கனெக்டரின் அருகே விரலை வைத்துப் பார்த்தோம். இளஞ்சூட்டுக்கு மேல் இல்லை. எர்த் கம்பியை இழுத்துத் தர வீட்டுக்காரரிடம் மாணவரின் அம்மா பேசிவருகிறார். கருகிய அந்த அடாப்டரை மாணவர் தூக்கிப் போடவில்லை. கல்லூரியில் நண்பர்களுக்குக் காட்டுவதற்காக ஒரு காகித உறையில் வைத்திருக்கிறார்.